அக்காவுக்கு எடுத்தோம், தங்கைக்கு எடுக்கவில்லை: கர்ப்பகாலப் பிறப்புறுப்புத் தொற்றுப் பரிசோதனை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள், சில வார இடைவெளியில், ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். "தொற்று ஏதாவது இருக்கான்னு கீழே ஒரு ஸ்வாப் எடுத்துப் பார்த்துடலாமா, டாக்டர்?" அக்காவுக்கு எடுத்தேன். தங்கைக்கு வேண்டாம் என்றேன். தங்கைக்குக் கோபம் வந்தது. அவரிடம் அன்று அரைமணி நேரம் பேசியதை இன்னும் விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதால்தான் இந்த ஆய்வு. இருவரும் சம்மதம் தந்திருக்கிறார்கள். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அக்கா

வயது 29. இரண்டாவது கர்ப்பம், முதல் வருகையின்போது 11 வாரம். முதல் குழந்தை 30 வாரம் 4 நாளில் பிறந்தது. வலி எதுவும் இல்லாமல் பனிக்குடம் உடைந்து, இரண்டாம் நாள் பிரசவமானது. குழந்தை பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து வாரம் இருந்து மீண்டு வந்தது. இப்போது மூன்று வயது, நன்றாக இருக்கிறது. குறைமாதப் பிரசவத்துக்கான காரணம் என்ற இடத்தில், டிஸ்சார்ஜ் சம்மரியில் "தெரியவில்லை" என்று இருந்தது.

பழைய கோப்பை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அதை முழுக்கப் படித்தேன். 22-ஆம் வாரத்தில் ஒரு வரி: "வெள்ளைப்படுதல் அதிகம். கர்ப்பத்தில் இயல்பு என்று விளக்கப்பட்டது." 25-ஆம் வாரத்தில், பூஞ்சைக்கு உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரை ஆறு நாளுக்கு. 28-ஆம் வாரத்தில் மறுபடியும் அதே மாத்திரை. யோனியை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலம் வைத்துப் பார்த்ததாக மூன்று வருகையிலும் குறிப்பில்லை. ஸ்லைடு இல்லை, அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் தாள் இல்லை. பார்க்காமலே "இயல்பு", பிறகு பார்க்காமலே "பூஞ்சை".

கர்ப்பத்தில் வெள்ளை அதிகமாவது உண்மைதான். ஈஸ்ட்ரோஜன் கூடும்போது யோனிச் சுவரின் செல்களில் கிளைகோஜன் சேர்கிறது. அதை உண்டு வாழும் லேக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லேக்டிக் அமிலம் சுரந்து, பிஹெச் அளவை 3.8 முதல் 4.5-க்குள் வைத்துக்கொள்கின்றன. அந்த அமிலம்தான் காவல். அதனால் "இயல்பு" என்ற சொல் பெரும்பாலும் சரியாகவே அமையும். எந்தப் பெண்ணிடம் தவறாகிறது என்பது மட்டும் பார்க்காமல் தெரியாது.

நானும் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். வெள்ளைப்படுதல் தொந்தரவு? அரிப்பு? எரிச்சல்? வாடை? "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, டாக்டர்." அறிகுறி இல்லை என்று எழுதிக்கொண்டேன். அந்த வரிக்கு மறுபடி வருவேன்.

பரிசோதனை

முந்தின இரவு தாம்பத்திய உறவு இருந்ததாகச் சொன்னார். விந்து காரத்தன்மை உடையது; பிஹெச் அளவைப் பொய்யாக ஏற்றிவிடும். இரத்தக்கசிவு, பனிக்குட நீர், கருப்பைவாய்ச் சளி, ஸ்பெகுலத்தில் தடவும் ஜெல் ஆகியவையும் முடிவைக் குழப்பும். மூன்று நாள் கழித்து வரச் சொன்னேன். அன்று ஸ்பெகுலத்தை வெதுவெதுப்பான நீரில் மட்டும் நனைத்து, யோனியின் பக்கச் சுவரிலிருந்து மாதிரி எடுத்தேன்.

சுவர் முழுக்க மெல்லிய, சாம்பல் கலந்த வெண்ணிறக் கசிவு ஒரே சீராகப் படிந்திருந்தது. சிவப்போ தடிப்போ இல்லை. பிஹெச் 5. பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் மீன் வாடை. உப்புநீர் ஸ்லைடில் க்ளூ செல்கள்: விளிம்பே தெரியாதபடி பாக்டீரியாக்கள் அப்பியிருக்கும் யோனிச் செல்கள். 1983-இல் ஆம்செல் குழு வகுத்த நான்கு அளவுகோல்களில் மூன்று இருந்தாலே பாக்டீரியல் வஜைனோசிஸ் என்ற யோனிப் பாக்டீரியாச் சமநிலைக் குலைவு. இவருக்கு நான்கும் இருந்தன. கிராம் ஸ்டெயின் சாயமேற்றிப் பாக்டீரியா வகைகளை எண்ணிப் போடும் நியூஜென்ட் மதிப்பெண் 8. அந்த முறையில் 3 வரை இயல்பு, 4 முதல் 6 வரை இடைநிலை, 7 முதல் 10 வரை வஜைனோசிஸ். பால்வினைத் தொற்றுகளான ட்ரைக்கோமோனாஸ், கிளமிடியா, கொனோரியா மூன்றும் மரபணுச் சோதனையில் இல்லை என்று வந்தன.

முடிவைச் சொல்லும்போது, மீன் வாடை என்ற சொல் வந்ததும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த வாடையா? அது எனக்குப் பல வருஷமா இருக்கே. உடம்பு வாடைன்னு நினைச்சேன். அதனாலதான் தினமும் கிருமிநாசினி கலந்து உள்ளே வரைக்கும் கழுவுறேன்."

ஆக, நான் எழுதிய "அறிகுறி இல்லை" தவறு. அறிகுறி இருந்தது, அவர் கணக்கில் அது நோயாக இல்லை. வஜைனோசிஸ் உள்ள பெண்களில் பாதிக்குக் குறையாதவர்கள் அறிகுறி எதையும் சொல்வதில்லை என்று படித்திருக்கிறோம். அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே எதுவும் இல்லை, எத்தனை பேர் பழகிப்போனதால் சொல்லவில்லை என்று அன்றுதான் யோசித்தேன். உள்ளே கழுவுவது லேக்டோபேசில்லஸை அடித்துக்கொண்டு போகும். வாடைக்காகக் கழுவ, கழுவக் கழுவ வாடை. இந்தச் சுழலில் அவர் எத்தனை ஆண்டு இருந்தாரோ.

க்ளோட்ரிமசோல் ஏன் பலிக்கவில்லை என்பதும் அப்போது விளங்கியது. அது பூஞ்சைக்கான மருந்து. வஜைனோசிஸ் பூஞ்சையும் இல்லை, ஒற்றைக் கிருமியின் வேலையும் இல்லை. லேக்டோபேசில்லஸ் குறைந்து, கார்ட்னெரெல்லாவும் காற்றில்லாமல் வாழும் வேறு பல பாக்டீரியாக்களும் பெருகும் ஒரு சமநிலைக் குலைவு. முதல் கர்ப்பத்திலும் இதுதான் இருந்ததா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஸ்லைடு எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

சிகிச்சை கொடுக்கலாமா?

வஜைனோசிஸ் உள்ள பெண்களுக்குக் குறைமாதப் பிரசவம் கூடுதலாக நடக்கிறது என்பதில் ஐயமில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம் அதுதான் என்றால் அதை நீக்கினால் பிரசவம் தள்ளிப்போக வேண்டும். முப்பது ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இதுதான்.

அமெரிக்காவில் 2000-இல் வெளியான பெரிய ஆய்வில், அறிகுறி இல்லாத வஜைனோசிஸ் உள்ள 1953 கர்ப்பிணிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். மெட்ரோனிடசோல் என்ற நோயெதிர் மருந்து (ஆன்டிபயாடிக்) வாங்கியவர்களில் 12.2 சதவீதம் பேருக்குக் குறைமாதப் பிரசவம். மருந்தில்லாத மாத்திரை வாங்கியவர்களில் 12.5 சதவீதம். தொற்று பெரும்பாலும் போனது, பிரசவத் தேதி நகரவில்லை. அடுத்த ஆண்டு அதே குழு, அறிகுறியற்ற ட்ரைக்கோமோனாஸ் உள்ள 617 பேரிடம் செய்த ஆய்வு இன்னும் கலக்கமானது. சிகிச்சை பெற்றவர்களில் குறைமாதப் பிரசவம் 19 சதவீதம்; பெறாதவர்களில் 10.7. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். "இருந்தால் கொடுத்துவிடுவோம், என்ன கெட்டுவிடும்?" என்று கேட்கும் இளம் மருத்துவர்களுக்கு இந்த எண்களைத்தான் காட்டுகிறேன்.

மறுபக்கமும் உண்டு. 2003-இல் இங்கிலாந்தில் 12 முதல் 22 வாரத்துக்குள் கிளிண்டமைசின் என்ற இன்னொரு நோயெதிர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். தாமதக் கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் சேர்ந்து, மருந்து வாங்கிய 244 பேரில் 13 பேருக்கு. வாங்காத 241 பேரில் 38 பேருக்கு. 2004-இல் வியன்னாவில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு 15 முதல் 20 வாரத்துக்குள் ஸ்மியர் எடுத்தார்கள். பாதிப் பேருக்கு முடிவைச் சொல்லிச் சிகிச்சை. மீதிப் பேருக்கு முடிவைத் திறக்கவில்லை. குறைமாதப் பிரசவம் 3 சதவீதம், 5.3 சதவீதம். எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும் என்போர் இந்த ஆய்வைத்தான் கையில் எடுக்கிறார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் வஜைனோசிஸ், ட்ரைக்கோமோனாஸ், பூஞ்சை மூன்றுக்கும் ஒரே திட்டத்தில் சிகிச்சை கொடுத்ததால், பலன் எதனால் வந்தது என்று பிரித்தறிய வழியில்லை.

சீக்கிரம் கொடுத்தால் பலிக்கும், தாமதித்தால் அழற்சி மேலேறிவிடும் என்ற கருத்து நெடுநாள் நம்பிக்கை தந்தது. பிரான்ஸில் நடந்த பிரேமேவா ஆய்வு அதையே நேராகச் சோதித்தது. 84,530 பெண்களை 14 வாரத்துக்கு முன்பே பரிசோதித்து, வஜைனோசிஸ் உள்ள 5630 பேரைக் கண்டுபிடித்து, ஆபத்துக் காரணம் இல்லாத 2869 பேருக்குக் கிளிண்டமைசினோ மருந்தில்லாத மாத்திரையோ கொடுத்தார்கள். 2018-இல் முடிவு வந்தது: தாமதக் கருச்சிதைவு அல்லது மிகக் குறைமாதப் பிரசவம், மருந்துக் குழுவில் 1.2 சதவீதம், மற்றதில் 1 சதவீதம். வயிற்றுப்போக்கு மட்டும் மருந்துக் குழுவில் அதிகம். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2020-இல் இதையும் சேர்த்துப் பார்த்துத்தான், ஆபத்துக் காரணம் இல்லாத கர்ப்பிணிகளுக்கு வஜைனோசிஸ் பரிசோதனை வேண்டாம் என்று பரிந்துரைத்தது. முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள் விஷயத்தில், ஆதாரம் போதவில்லை என்று மட்டும் சொன்னது.

இந்தப் பெண் நிற்பது அந்த இரண்டாம் வாக்கியத்தில். பிரேமேவாவில் ஆபத்துள்ள 236 பேர் தனியாகச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் மருந்தே வாங்காத குழு என்று ஒன்று இல்லை, ஒரு சுற்றா மூன்று சுற்றா என்றுதான் ஒப்பிட்டார்கள். எனவே இவரைப் போன்றவர்களுக்கு மருந்து உதவுமா என்ற கேள்விக்கு அந்தப் பேராய்விலும் விடையில்லை.

இவருக்குச் சிகிச்சை கொடுக்க அந்த விவாதம் தீர வேண்டிய தேவையும் இல்லை. அவருக்கு அறிகுறி இருக்கிறது. அறிகுறியுள்ள வஜைனோசிஸைக் கர்ப்பத்திலும் குணப்படுத்த வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், இருவேளை, 7 நாள். "வயித்துல குழந்தை இருக்கும்போது இது சேருமா?" என்று கணவர் கேட்டார். முதல் மூன்று மாதத்தில் இந்த மருந்தைக் கண்டு பயந்த காலம் இருந்தது. பிறவிக் குறைபாடுகளை அது கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை என்பதை விளக்கினேன். கிருமிநாசினியை அன்றோடு நிறுத்தச் சொன்னேன். வெளிப்புறம் மட்டும், வெறும் தண்ணீர்.

தொடர்ந்து நடந்தது

ஒரு மாதத்தில் வாடை போயிருந்தது. நியூஜென்ட் 2. முன்வரலாற்றைக் கருதி 16-ஆம் வாரத்திலிருந்து இரவில் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் மருந்தை உள்ளே வைத்துக்கொண்டார். கருப்பைவாயின் நீளத்தை 16 முதல் 24 வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை அளந்தோம். 36 மில்லிமீட்டரில் தொடங்கி 31-இல் நின்றது. 25-க்குக் கீழே போனால்தான் கவலை.

20-ஆம் வாரத்தில் அவரே கேட்டதால் ஒரு ஸ்லைடு எடுத்தேன். மதிப்பெண் 5. எடுத்திருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். அறிகுறி இல்லை, பிஹெச் 4.5, இடைநிலை. அந்த எண்ணைக் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மறுபடி மாத்திரை வேண்டும் என்று இரண்டு முறை வந்தார். கொடுக்கவில்லை. இடைநிலைக்குச் சிகிச்சை செய்தால் நன்மை உண்டு என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. நோயெதிர் மருந்து எளிய பொருளும் இல்லை. 2001-இல் வெளியான ஆரக்கிள் ஆய்வில், பனிக்குடம் உடையாமல் முன்கூட்டி வலி வந்த பெண்களுக்கு நோயெதிர் மருந்து கொடுத்துப் பலன் இல்லாமல் போனது. ஏழு ஆண்டு கழித்து அந்தக் குழந்தைகளைப் பார்த்தபோது, மருந்து பெற்ற தாய்மார்களின் குழந்தைகளிடம் பெருமூளை வாதம் கூடுதலாக இருந்தது. அந்த நிலைமை வேறு, மருந்து வேறு என்பது உண்மை. ஆனாலும் தேவையில்லாமல் சீட்டு எழுதப் போகும் கையை அந்த நினைவு நிறுத்துகிறது.

36-ஆம் வாரத்தில் யோனி, மலவாய் இரண்டிலும் சேர்த்து ஸ்வாப் எடுத்து, குழு பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு (கிருமி வளர்ப்புச் சோதனை) அனுப்பினோம். இருக்கிறது என்று வந்தது. "மறுபடியும் தொற்றா?" என்று அழுதார். இது தொற்று இல்லை என்று புரியவைக்க நேரம் பிடித்தது. கர்ப்பிணிகளில் பத்தில் ஒருவர் முதல் மூவர் வரை இந்தப் பாக்டீரியாவைக் குடலிலோ யோனியிலோ சுமக்கிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவே இல்லை. பிரசவத்தின்போது குழந்தைக்குப் போனால்தான் ஆபத்து. முன்கூட்டியே மாத்திரை கொடுத்தால் பிரசவத்துக்குள் திரும்ப வந்துவிடும். அதனால் வலி தொடங்கியதும் பென்சிலினை நரம்பு வழியே, பிறப்புக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே தொடங்க வேண்டும். அப்படியே செய்தோம்.

38 வாரம் 2 நாளில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.9 கிலோ.

சிகிச்சையால்தான் மாதம் நிறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒருமுறை குறைமாதத்தில் பெற்றவர்களில் பெரும்பாலோர் அடுத்த முறை எந்தச் சிகிச்சையும் இல்லாமலே மாதம் நிறைந்து பெறுகிறார்கள். இவருக்கு மெட்ரோனிடசோலும் கொடுத்தோம், புரோஜெஸ்ட்ரோனும் கொடுத்தோம், உள்ளே கழுவுவதையும் நிறுத்தினோம். எது உதவியது, எதுவாவது உதவியதா என்று ஒரு பெண்ணை வைத்துச் சொல்ல முடியாது. வாடை போனது என்பது மட்டும் பெரும்பாலும் மருந்தின் பலன் என்று சொல்லலாம். அவருக்கு அது சின்ன விஷயமே இல்லை.

தங்கை

வயது 25. முதல் கர்ப்பம், 12 வாரம். எந்த நோயும் இல்லை. அக்காவின் ரிப்போர்ட்டைப் போனில் வைத்திருந்தார். "அக்காவுக்கு மட்டும் ஏன்? எனக்கு ஒண்ணு ஆனப்புறம்தான் பார்ப்பீங்களா?"

கடைசிக் கேள்வி என்னைத் தைத்தது, ஏனென்றால் அக்காவுக்கு நடந்தது அதுதானே. அவசரப்பட்டு மறுக்காமல் கேள்விகளைக் கேட்டேன். இம்முறை வேறு விதமாக: கழுவுவது எப்படி, உள்ளாடையில் கறை எந்த நிறம், உறவுக்குப் பிறகு வாடை மாறுகிறதா, கடையில் தானே மருந்து வாங்கியதுண்டா. எல்லாவற்றுக்கும் பதில் தெளிவாக இருந்தது. மாற்றம் எதுவும் இல்லை.

பிறகு பிரேமேவா கணக்கை அவரிடம் சொன்னேன். உங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இதே சோதனையை இதே மாதத்தில் செய்து, இருந்தவர்களுக்கு மருந்தும் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். மருந்து வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் குழந்தை ஒரே காலத்தில்தான் பிறந்தது. வயிற்றுப்போக்கும் பயமும்தான் மிச்சமாகும். "பயமா? இப்ப மட்டும் இல்லையா?" என்றார். உங்கள் அக்காவுக்கு ஐந்து என்ற எண் வந்தபின் எத்தனை நாள் தூங்கவில்லை என்று கேளுங்கள் என்றேன். அக்கா அதை அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அங்கேதான் பேச்சு தணிந்தது.

ஒரு சோதனையை எல்லோருக்கும் செய்ய வேண்டுமானால், கண்டுபிடித்தபின் செய்யும் சிகிச்சை விளைவை மாற்ற வேண்டும். வில்சனும் யுங்னரும் 1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அளவுகோல்களிலும், ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும் என்பது ஒன்று. சிஃபிலிஸ், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி மூன்றுக்கும் தங்கையின் இரத்தத்தைச் சோதித்தேன்; அவற்றில் சிகிச்சையும் தடுப்பும் குழந்தையைக் காக்கும் என்பது நிரூபணமானது. சிறுநீர் கல்ச்சரும் அனுப்பினேன். அறிகுறியே இல்லாத சிறுநீர்த் தொற்று கர்ப்பத்தில் சிறுநீரகத்துக்கு ஏறக்கூடும், அதற்கு மருந்து கொடுத்தால் தடுக்கலாம். கிளமிடியா, கொனோரியா சோதனையும் உண்டு என்று சொல்லி, சிறுநீர் மாதிரியிலேயே அதைச் செய்தோம். எல்லாம் நன்றாகவே வந்தன. பரிசோதனையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்பது அவருக்கு அப்போது புரிந்தது.

26-ஆம் வாரத்தில் அவரே ஓடிவந்தார். கடும் அரிப்பு, தயிர் போன்ற வெள்ளை. ஸ்பெகுலம் வைத்தேன், ஸ்லைடு போட்டேன்: பூஞ்சை இழைகள், பிஹெச் 4. க்ளோட்ரிமசோல் 7 நாள் உள்ளே வைக்கக் கொடுத்தேன். பூஞ்சைக்கு வாய்வழி தரும் ஃப்ளூகோனசோல் மாத்திரையைக் கர்ப்பத்தில் தவிர்க்கிறோம். நான்காம் நாளே அரிப்பு அடங்கியது. அறிகுறி வந்தபின் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்பதில் எனக்குச் சமரசமே இல்லை. 40 வாரம் முடியும் தறுவாயில் ஆண் குழந்தை பிறந்தது.

ஒரு சிறு மாற்றம்

பிரசவத்துக்குப் பின் வந்த வருகையில், நான் முதல் நாள் "அறிகுறி இல்லை" என்று எழுதியதை அக்காவிடம் சொன்னேன். வாடை இருக்கிறதா என்று கேட்டும் ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்டேன்.

"அப்படிக் கேட்டா யார் டாக்டர் ஆமாம்னு சொல்லுவா? 'எப்படிக் கழுவுறீங்க'ன்னு கேளுங்க. அதுக்கு எல்லாரும் பதில் சொல்லிடுவாங்க."

எங்கள் முதல் வருகைப் படிவத்தில் "வெள்ளைப்படுதல்: ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவர் சொன்ன கேள்வியை அச்சடித்திருக்கிறோம். பதில் எழுத நான்கு வரி விட்டிருக்கிறோம்.